வாள் பட்ட தோள்

பசைதான் காலை வாரிவிட்டது. கோதுமை மாவும் தண்ணீரும் கொஞ்சம் சீனியும் போட்டு, வேலை செய்யும் உணவகத்துப் பெரிய சட்டியில், கட்டி விழாமல் துழாவித் துழாவி யோன் தன் கையால் காய்ச்சிய பசை. முப்பத்தைந்து வயதில் அவன் ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். முந்தாநாள் ஒட்டிய மரண அறிவித்தல் இன்றைக்குக் கத்தியால் சுரண்டியும் வரமாட்டேன் என்றது. மூலைகள் வந்தன. கறுப்புக் கரை வந்தது. படத்திலிருந்த மாமாவின் கழுத்துப்பட்டி பாதி வந்தது. படத்துக்கு மேலே அவன் கொட்டை எழுத்தில் எழுதிய வரி மட்டும் சுவரோடு சுவராக நின்றது.

'சேர் சவிரிமுத்து பேதுரு அவர்கள்.'

காலை எட்டரை மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. பாரிசில் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல் முனையில் கடைகள் அரைக் கதவு திறந்து நின்றன. இங்கிருந்து கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் நாற்பது இடத்தில் ஒட்டியிருந்தான். அதில் ஒன்று, 'இங்கே எதையும் ஒட்டக் கூடாது' என்று பிரெஞ்சில் பெரிதாக எழுதி வைத்திருந்த சுவர். எழுத்தை மறைத்து ஒட்டினால் வாசிக்க மாட்டார்கள் என்பது அவனுடைய யோசனை.

தவறு நடந்தது அந்துவானின் போட்டோக் கொப்பிக் கடையில். அறிவித்தலைக் கையால் எழுதி, படத்தை ஒட்டி, இருநூறு பிரதி எடுப்பதுதான் திட்டம். ஆனால் யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலில் பேர் தனியாக நிற்பதில்லை. இளைப்பாறிய தபாலதிபர், சமாதான நீதவான், பிரபல வர்த்தகர் என்று ஏதாவது ஒன்று துணைக்கு நிற்க வேண்டும். 'சவிரிமுத்து பேதுரு' என்று வெறுமனே எழுதிப் பார்த்தபோது, மனுசன் சேட்டில்லாமல் தெருவில் நிற்பதுபோல் இருந்தது.

"மாமனாரு என்னா வேலை பாத்தாரு?" என்று கேட்டார் அந்துவான். புதுச்சேரிக்காரர்.

"கொழும்பிலை, மகாதேசாதிபதியின்ரை, கவர்னர் ஜெனரலின்ரை மாளிகையிலை."

"மாளிகைல என்னாவா இருந்தாரு?"

யோனுக்குத் தெரியாது. ஊரில் எல்லோரும் 'மாளிகைப் பேதுரு' என்றுதான் சொன்னார்கள். மாளிகையில் வேலை செய்தவரிடம் என்ன வேலை என்று கேட்பது மரியாதை இல்லை. ஆனால் போன நத்தார்ப் பண்டிகையன்று இரண்டாவது கிளாஸ் வைனோடு மாமா ஒன்று சொன்னார். "என்னை முழங்காலிலை இருத்தி, என்ரை தோளிலை வாள் வைச்சவங்கள், தம்பி. இரும்பு எண்டால் அப்பிடி ஒரு குளிர்." அதற்கு மேல் சொல்லவில்லை. அடுப்படியில் நின்ற மாமி, "கறி ஆறுது, சாப்பிட வாங்கோ" என்றார்.

இதைக் கேட்டதும் அந்துவான் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "தோள்ல வாளா? இங்க ஷெவாலியேன்னு குடுக்கறாங்களே, அது மாதிரி பெரிய மரியாதைங்க அது. இங்கிலீஷ்காரன் கிட்ட அதுக்கு சர் பட்டம்னு பேரு. இதப் போய் போடாம விடுவீங்களா?"

யோன் 'சேர்' என்று போட்டான். போட்டுவிட்டு எட்ட நின்று பார்த்தான். மாமாவுக்குச் சேட்டுப் போட்டுவிட்ட திருப்தி.

முதலாவது பிரதி காய முன்னரே லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் சிரிப்புத் தொடங்கிவிட்டது. நேற்றுப் பின்னேரம் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. ஆரோ ஒருவன் குரலை இழுத்து, மாமியின் பேருக்கும் ஒரு பட்டம் சேர்த்து, "லேடி மார்கிரட் இருக்கிறாவோ?" என்று கேட்டான். பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிக்கும் சத்தம். புருசன் செத்து மூன்றாம் நாள் நிற்கும் மாமி, "அவ வெளியிலை போயிட்டா" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதன் பிறகு இம்மாகுலேற் யோனோடு கதைக்கவில்லை. அவள் அவனுடைய மனைவி. செத்தது அவளுடைய தகப்பன்.

"ஐசே, கத்தியோடை நிக்கிறீர். பொலிஸ் வந்தால் என்ன சொல்லுவீர்?"

குடைக்குக் கீழே குணரத்தினம் அண்ணை நின்றார். தெரு முனையிலுள்ள பலசரக்குக் கடையில் காசு மேசையில் இருப்பவர். அதற்கு முதல் கொழும்புச் செயலகத்தில் தட்டெழுத்தர். மாமாவும் அவரும் மூன்று வருசமாக ஒரே கோப்பிக் கடையில், ஒரே மேசையில், ஒரே கோப்பியை ஒரு மணித்தியாலம் குடித்தவர்கள்.

"ஒரு சொல்லைத்தான் எடுக்கப் பாக்கிறன் அண்ணை."

குணரத்தினம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரை வாசித்தார். "நீர் எந்தச் சேர் போட்டனீர்?"

"எத்தினை சேர் இருக்கு?"

இந்தக் கேள்வியை ஆராவது கேட்க மாட்டார்களா என்று முப்பது வருசமாகக் காத்திருந்தவர்போல் அவர் முகம் மலர்ந்தது. பிறகு, நிற்கும் இடம் நினைவு வந்து அதை அடக்கிக்கொண்டார்.

"பிரித்தானியப் பட்டங்களிலை அடியிலை எம்.பி.ஈ. அதுக்கு மேலை ஓ.பி.ஈ., பிறகு சி.பி.ஈ. இந்த மூண்டுக்கும் ஒரு பதக்கத்தைப் போட்டு அனுப்பிவிடுவினம். பேருக்கு முன்னாலை ஒண்டும் வராது. அதுக்கும் மேலை கே.பி.ஈ. அங்கைதான் சேர் தொடங்குது. ஒரு எழுத்தும் இல்லாமல் வெறும் நைற் எண்டும் ஒண்டு இருக்கு, அதுவும் சேர்தான். முழங்காலிலை இருக்கோணும். வாள் தோளிலை படோணும். 'எழும்பும் சேர்' எண்டு சொல்லுறதெல்லாம் சினிமாப் படத்திலை. உண்மையிலை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை. தொட்ட உடனை தானா எழும்ப வேண்டியதுதான்."

"அப்ப வாள் பட்டால் சேர்?"

"வாள் பட்டால் சேர். மற்ற ஆருக்கும் வாள் படாது."

"மாமாவுக்குப் பட்டதண்ணை. தன்ரை வாயாலை சொன்னவர்."

குணரத்தினம் குடையைச் சரித்தார். குடையிலிருந்து வழிந்த தண்ணீர் அவருடைய சப்பாத்தில் விழுந்தது.

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே. ஐம்பத்தாறோடை எங்கடை நாட்டிலை அந்தப் பட்டங்கள் நிண்டு போச்சு. அதுவரைக்கும் வருசத்திலை ரெண்டு லிஸ்ற். புதுவருசத்துக்கு ஒண்டு, மகாராணியின்ரை பிறந்தநாளுக்கு ஒண்டு. கடைசி நாலு வருசமும் எங்கடை கந்தோரிலை அதை ரைப் பண்ணினது நான். முந்தின லிஸ்றுகளும் எனக்குப் பாடம். பேதுரு எண்டு ஒருத்தர் அதிலை இல்லை, தம்பி."

யோன் கத்தியை மடித்தான்.

"இன்னொண்டு. சேர் எண்டது ஆளின்ரை சொந்தப் பேருக்கு முன்னாலை வரோணும். நீர் சவிரிமுத்துவுக்கு முன்னாலை போட்டிருக்கிறீர். அது அவரின்ரை தேப்பன். பாசையூரிலை வலை இழுத்த மனுசன். இப்ப பட்டம் அவருக்கெல்லோ போயிட்டுது."

வேறு நாளாக இருந்தால் யோன் முதல் ஆளாகச் சிரித்திருப்பான். செத்த மாமாவுக்குப் பட்டம் கொடுக்கப் போய், அதை ஐம்பது வருசத்துக்கு முதல் செத்த அவருடைய தகப்பனுக்குக் கொடுத்த மருமகன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

"தேவாலயத்திலை பூசை ரெண்டு மணிக்கு," என்றார் குணரத்தினம், குரலைத் தாழ்த்தி. "முடிய நான் ரெண்டு வார்த்தை கதைக்கோணும். சனம் முழுக்க என்ரை வாயைத்தான் பாத்துக்கொண்டிருக்கும். சேர் எண்டால் சேர் எண்டு சொல்லுவன். இல்லையெண்டால் பிழை நடந்துபோச்சு எண்டு சொல்லுவன். ஒண்டும் சொல்லாமல் விட்டால் பின் வரிசை வாங்கிலிலை இருந்து சிரிப்பாங்கள். பேதுரண்ணையைச் சிரிப்புக்கை புதைக்க என்னாலை ஏலாது. மார்கிரட் அக்காவிட்டைக் கேட்டு எனக்கு ஒரு முடிவு சொல்லும்."

வீடு ஐந்தாம் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையல் மூலை. ஒவ்வொரு மாடியிலும் யோன் ஒரு கேள்வியைத் தயாரித்தான். மேலே போனதும் எல்லாம் மறந்துபோயிற்று.

மாமி சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, ஒரு சோடி வெள்ளைக் கையுறைக்கு இஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தார். பிரேதத்துக்கு வெள்ளைக் காலுறையும் வெள்ளைக் கையுறையும் போடுவது அவர்களுடைய வழக்கம். நேற்று யோன் தற்றி என்ற மலிவுக் கடையில் ஒரு சோடி வாங்கி வந்திருந்தான். அது பிரிக்காமல் மேசை ஓரத்தில் கிடந்தது. மாமி தேய்த்துக்கொண்டிருந்தது வேறு. பழசு, கொஞ்சம் மஞ்சள் பாரித்தது, மணிக்கட்டில் ஒரு சின்ன முத்துப் பொத்தான்.

"இது எங்காலை மாமி?"

"அவரின்ரை சூட்கேசிலை இருந்தது."

"மாளிகைக் காலத்துச் சாமானோ?"

"ஓ, பழசுதான்," என்றார் மாமி. இஸ்திரிக்கையின் நுனியை விரல்களுக்கு இடையில் மெதுவாகக் கொண்டுபோனார்.

யோன் அந்தக் கையுறையைப் பார்த்தான். பட்டம் எடுத்தவர்கள் போடும் கையுறையாக ஏன் இருக்கக் கூடாது? மாமா அப்படிப்பட்ட மனுசன்தானே. இந்தச் சின்ன மேசையில்கூட முள்ளுக்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம் இருக்க வேண்டும். காகிதத் துடைப்பானை விசிறிபோல மடித்து வைப்பார். மாமி சமைத்தாலும் பரிமாறுவது மாமாதான். இடப்பக்கமாக வந்து சோறு வைப்பார். சாப்பிட்டு முடிந்ததும் வலப்பக்கமாக வந்து சாப்பாட்டுக் கோப்பையை எடுப்பார். ஒரு சத்தம் வராது. இவ்வளவு ஒழுங்கு தெரிந்தவர் எத்தனை பெரிய விருந்துகளில் இருந்திருக்க வேண்டும் என்று யோன் அந்த நேரமெல்லாம் யோசிப்பான். யோசித்துக்கொண்டே சோற்றைக் கையால் குழைப்பான்.

"மாமி, ஒரு விசயம். மாமாவுக்கு அந்தப் பட்டம்..."

"உங்கடை சேட்டை எடுத்துத் தாங்கோ தம்பி, தேய்க்கிறதுக்கு. பதினொண்டரைக்கு ஆஸ்பத்திரியிலை நிக்கோணும்."

அவன் சேட்டை எடுத்துக் கொடுத்தான்.

இம்மாகுலேற் அறையிலிருந்து வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. கறுப்புச் சட்டையின் பின் கொக்கி பூட்டாமல் கிடந்தது. பூட்டிவிடச் சொல்லி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் கதைத்தது சுவரோடு.

"எங்கடை வீட்டுக்கு ஒரு பொய் போதாதோ?"

அவன் கொக்கியைப் பூட்டினான். அவள் எந்தப் பொய்யைச் சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும்.

கல்யாணம் பேசிய காலத்தில், ஊருக்கு எழுதிய கடிதங்களில் யோன் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் மனேச்சர். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதியதில்லை. கடிதத்தாள் சின்னது, அதற்குள் பாத்திரம் கழுவும் தொட்டியை வைக்க இடம் போதவில்லை. இம்மாகுலேற் பாரிசுக்கு வந்து ஒரு கிழமையில் கண்டுபிடித்தாள். சேட்டில் மணத்த சவர்க்காரமும் மீன் எண்ணெயும் எந்த மனேச்சரிடமும் மணக்காது. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், "அப்பாக்குச் சொல்ல வேண்டாம்" என்றாள். எண்பத்து நாலில், கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு, தாயும் தகப்பனும் வந்து சேர்ந்தபோதும் வீட்டில் யோன் மனேச்சர்தான்.

அவர்கள் வந்து மூன்றாம் நாள். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வுக்கு, மூன்றரை மணிபோல் அவன் வீட்டுக்கு வந்தான். மாமாதான் கதவைத் திறந்தார். குடையை வாங்குவதுபோல் கையை நீட்டியவர் யோனின் கையைப் பிடித்துக்கொண்டார். திருப்பிப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் வெள்ளையாக ஊறிச் சுருங்கி, நகக்கண் வெடித்த கை. யோனின் வாயில் மூன்று பொய்கள் வரிசையாக வந்து நின்றன. மாமா ஒன்றையும் கேட்கவில்லை. கையை விட்டுவிட்டு, மடித்த குடையை எடுத்து, அதன் நுனியால் அவன் வலத் தோளைத் தொட்டார். பிறகு இடத் தோளைத் தொட்டார்.

"நல்ல மழையோ தம்பி?" என்றார்.

அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்றரை மணிக்கு அவன் கதவைத் தட்டினால் மாமா குடையோடு நிற்பார். இரண்டு தொடுகை. பிறகு தேத்தண்ணீர். கோட்டு நனைந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் யோன் நினைத்தான். ஆடி மாத வெயிலிலும் அப்படிச் செய்தபோது, வயது போனவர்களுக்கு ஆயிரம் பழக்கம் என்று நினைத்தான். சில நாள் பகிடிக்கு, "மாமா, இண்டைக்குக் காஞ்சுபோய்த்தான் வந்தனான்" என்பான். மாமா சிரிக்க மாட்டார். தொட்டுவிட்டுத்தான் வழி விடுவார்.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவர் பேசும் நிலையில் இல்லை. நெஞ்சில் வயர்கள் ஒட்டியிருந்தன. யோன் வேலையிலிருந்து ஓடிப்போய்க் கட்டில் பக்கத்தில் குனிந்தான். மாமா கையைத் தூக்கினார். இரண்டு விரல் அவன் வலத் தோளில் வந்து பட்டது. மற்றப் பக்கத்துக்குக் கை வரவில்லை. பாதி வழியில் போர்வையில் விழுந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து யோன் தாதியைக் கூப்பிட ஓடினான். திரும்பி வந்தபோது திரையை இழுத்திருந்தார்கள்.

பதினொன்றரைக்குக் குணரத்தினம் தன் பழைய பேஜோவில் மூவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றபோது, எதிரே மாமா சுவரில் ஒட்டியபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே கொட்டை எழுத்து. யோன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான். அது ஏற்கனவே கட்டித்தான் இருந்தது.

பிரேத அறை கீழ்த்தளத்தில். தாழ்ந்த மேடையில் பெட்டி திறந்து கிடந்தது. மாமா கறுப்புச் சூட்டில் இருந்தார். சவச்சாலைக்காரர், வெளிறிய ஒரு பிரெஞ்சு மனுசன், கையைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றார். கால் மணித்தியாலம், பிறகு மூடி போட வேண்டும் என்றார். ஒரு மூலையில் மாமாவின் குடை சாய்ந்து நின்றது. மழைக்கு மாமி அதைத்தான் எடுத்து வந்திருந்தார். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சின்னக் குளமாகிக்கொண்டிருந்தது.

செபமாலையில் பத்து மணிகள் உருட்டிச் செபம் சொன்னார்கள். குணரத்தினம் சைவக்காரர், 'அருள் நிறைந்த மரியே' அவருக்குத் தெரியாது. உதட்டை மட்டும் அசைத்தார்.

செபம் முடிந்ததும் அவர் மடித்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பேனாவை எடுத்தார். யோனைப் பார்த்தார்.

இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை.

"மாமி," என்றான். "ஒண்டே ஒண்டு கேக்கிறன். மாமா சேரோ, இல்லையோ? இல்லையெண்டால் நான் கோயில்லை எழும்பி நிண்டு, இது என்ரை விசர் வேலை எண்டு சொல்லுறன். என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். எனக்குப் பழக்கம். மாமாவைப் பாத்துச் சிரிக்க வேண்டாம்."

மாமி கைப்பையைத் திறந்து அந்தக் கையுறையை எடுத்தார்.

"இல்லை," என்றார்.

இம்மாகுலேற் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் மேசைக்காரன். மாளிகையிலை பெரிய விருந்துகளுக்குக் கதிரைக்குப் பின்னாலை நிக்கிறவர். துரைமாருக்கு இடப்பக்கத்தாலை சாப்பாடு வைக்கிறதும் வலப்பக்கத்தாலை கோப்பை எடுக்கிறதும்தான் வேலை. இது அதுக்குப் போடுற கையுறை."

"அம்மா, அப்பா பெரிய உத்தியோகம் எண்டெல்லோ..."

"சனம் சொல்லிச்சுது பிள்ளை. நீ பிறக்க முதலே அவர் அதை விட்டிட்டு வந்திட்டார். அவர் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. உனக்குக் கலியாணம் பேசேக்கை சொல்ல வேண்டி வருமோ எண்டு பயந்தனாங்கள். மாப்பிள்ளை மனேச்சர் எண்டு கடிதம் வந்தது. பிறகு எங்கை சொல்லுறது?"

யோன் தரையைப் பார்த்தான்.

குணரத்தினம் தொண்டையைச் செருமினார். "அப்ப அந்த வாள், அக்கா?"

"வாள் உண்மை." மாமி மாமாவின் வலக் கையை எடுத்து, குளிர்ந்து விறைத்த விரல்களில் ஒவ்வொன்றாகக் கையுறையை ஏற்றத் தொடங்கினார். அவசரப்படவில்லை. "ஒரு துரைக்குப் பட்டம் குடுக்க இருந்தது. அந்த மனுசனுக்கு முழங்கால் வருத்தம். முழங்கால் வைக்கிற அந்தச் சின்ன முக்காலியிலை இருந்து விழாமல் எழும்ப ஏலுமோ எண்டு முதல் நாள் பின்னேரம் ஒத்திகை பாத்திருக்கினம். இவர்தான் அந்த ஆளின்ரை உயரமும் பருமனும். மேசை துடைச்சுக்கொண்டு நிண்டவரைக் கூப்பிட்டு இருத்திப்போட்டாங்கள். பத்துப் பன்னிரண்டு தரம் இருந்து இருந்து எழும்பினவராம். முதல் வலத் தோள். பிறகு தலைக்கு மேலாலை தூக்கி இடத் தோள். கடைசித் தரம் அந்த வெள்ளைக்கார ஒவ்விசர் பகிடிக்கு, 'எழும்பும், சேர் பேதுரு' எண்டானாம். நிண்ட வேலைக்காரர் எல்லாரும் சிரிச்சவங்களாம்."

"உண்மையிலை அப்பிடிச் சொல்லுறேல்லை..." என்று குணரத்தினம் தொடங்கினார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மாமாவும் சிரிச்சவரோ?" என்று யோன் கேட்டான்.

"இல்லை. வீட்டை வந்து எனக்குச் சொல்லேக்கையும் அவர் சிரிக்கேல்லை."

சவச்சாலைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார். இம்மாகுலேற் தகப்பனின் மற்றக் கையைப் பிடித்திருந்தாள். "எனக்கு ஏழு வயசிலை," என்றாள், ஒருவரையும் பார்க்காமல், "கோப்பையை எப்பிடிச் சத்தம் வராமல் வைக்கிறது எண்டு காட்டித் தந்தவர். பெரிய இடங்களுக்குப் போனால் தெரிஞ்சிருக்கோணும் எண்டு."

குணரத்தினம் தாளை விரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். "அக்கா, நான் கோயில்லை என்ன சொல்ல?"

"நடந்ததைச் சொல்லுங்கோ. மேசையிலை நிண்டவர் எண்டு சொல்லுங்கோ. வாள் பட்டது எண்டும் சொல்லுங்கோ. ரெண்டும் நடந்தது."

அவர் தாளைச் சுவரில் வைத்து எழுதினார். முப்பது வருசத்துக்குப் பிறகு, லிஸ்றில் விடுபட்ட ஒரு பேரை இப்போதுதான் சேர்க்கிறவர்போல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

"மிச்ச நோட்டீசை என்ன செய்யிறது மாமி?" என்றான் யோன். "பின்னேரத்துக்கை எல்லாத்தையும் கிழிக்க ஏலாது. பசை நல்லாப் பிடிச்சிட்டுது."

"விடுங்கோ. மழை பாத்துக்கொள்ளும்."

இரண்டு கையுறையும் ஏறிவிட்டன. இடக் கைப் பொத்தானை இம்மாகுலேற் பூட்டிவிட்டாள். வலப்பக்கத்துப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. மாமிக்குக் கண் மங்கல். "தம்பி, இதைப் பூட்டிவிடுங்கோ" என்றார்.

மேடை தாழ்வாக இருந்தது. நின்றபடி குனிந்தால் வெளிச்சம் மறைத்தது. யோன் வலது முழங்காலை நிலத்தில் வைத்தான். மூலைக் குடையிலிருந்து ஓடி வந்த தண்ணீர் காற்சட்டையில் குளிராக ஏறியது. ஊறி வெடித்த விரல்களால் அந்த முத்துப் பொத்தானைப் பிடித்தான். வழுக்கியது. மறுபடி பிடித்தான். அப்போதுதான் குடை அவன் கண்ணில் பட்டது. பிடி தேய்ந்த, கறுப்பு நிறம் வெளுத்த, சாதாரணக் குடை.

அவன் எழும்பவில்லை.

"மாமி," என்றான், பொத்தானைப் பார்த்தபடி. "ஒவ்வொரு நாளும் மாமா கதவடியிலை நிண்டு, என்ரை தோளிலை குடையாலை..."

பொத்தான் மறுபடி வழுக்கியது.

"ஓம் தம்பி," என்றார் மாமி. "அதுதான். உங்கடை கையைப் பாத்த அண்டைக்கே எனக்குச் சொன்னவர்."

பொத்தான் துளைக்குள் போயிற்று. அவனுடைய கோட்டில், இடத் தோளில், முந்தாநாள் தெறித்த பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. மாமி குனிந்து அதை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தார்.